சிங்கப்பூரில் கார் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, மனைவியும் கைக்குழந்தையுமாகச் சிங்கப்பூர் வரப்போகிறீர்கள். ஜூரோங் பக்கம் வாடகை குறைவான வீடாகப் பிடித்து, ஒரு பழைய கார் வாங்கி, நகர மையத்திலுள்ள ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகத்துக்கு ஓட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கார் வேண்டாம். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை வாடகையில் கூட்டிப் போட்டு, எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டி வீடு பாருங்கள்.

இங்கே காருக்குக் கொடுக்கும் விலை போதாது. அதைச் சாலையில் இறக்க சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழையும் வாங்க வேண்டும். 1990 முதல் இதுதான் நடைமுறை. மாதம் இருமுறை ஏலம். எடுத்தால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. பதிவு வரியும் தீர்வையும் தனி. பழைய கார் மலிவு என்ற நம் ஊர்க் கணக்கும் எடுபடாது, மிச்சமிருக்கும் ஆண்டுகளின் சிஓஇ மதிப்பும் அதன் விலையில் சேர்ந்தே இருக்கும்.

அரசாங்கம் பணம் பிடுங்குகிறது என்று புதிதாக வருபவர்கள் கோபப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் சின்னத் தீவின் நிலத்தில் சுமார் 12 சதவீதம் ஏற்கெனவே சாலைதான். இன்னும் எங்கே போடுவது? அதனால்தான் 2018 பிப்ரவரியில் கார் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதத்தைப் பூஜ்ஜியமாக்கினார்கள்.

அப்புறம் இஆர்பி என்ற மின்னணுச் சாலைக் கட்டணம். நகர மையத்துக்குள் கார் நுழைய 1975-லேயே கட்டணம் வந்துவிட்டது. 1998-ல் அது மின்னணு முறைக்கு மாறியது. விரைவுச்சாலையில் வண்டிகள் மணிக்கு 45 முதல் 65 கி.மீ. வேகத்தில் போக வேண்டும் என்பது இலக்கு. நெரிசலில் வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும், சாலை காலியாக ஓடினால் இறங்கும். இறக்கவும் செய்கிறார்கள் என்பதால்தான் இந்த முறையை மதிக்கிறேன்.

கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் இருப்பவர்களுக்குக் கார் இல்லாதது கஷ்டம்தான், மறுக்க மாட்டேன். மழை நாளில் டாக்சிக் கட்டணம் எகிறும். ஆனால் குழந்தையின் தள்ளுவண்டியை மடிக்காமலே பேருந்தில் ஏற்றலாம். 2017 முதல் அனுமதி உண்டு. ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு ஒரே ரயில், அரை மணிநேரம் போல ஆகும். காலையில் கூட்டம் நெரியும், அதற்குத் தயாராக இருங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது நிலையத்திலிருந்து வீடு இருக்கும் அடுக்குமாடி புளோக் வரை நடந்தே போங்கள். வழி முழுக்கக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.