பதில்: ஓவியம் பார்த்த மாணவர்களைக் கவிதை எழுத வைப்பது எப்படி?

வணக்கம். 9ஆம் வகுப்பு மாணவர்களைச் சென்னைக்கு அருகிலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துச் சென்றும், எல்லாரும் ‘அழகு’, ‘வண்ணமயம்’ என்றே எழுதிவிட்டதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். ஓவியக் காட்சிக்கூடம் முழுவதையும் சுற்றிக்காட்டிவிட்டு எழுதச் சொன்னதுதான் இடறல் என்று நினைக்கிறேன்.

1966இல் அக்கிராமத்தை நிறுவிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையிலிருந்து ஒரே ஓவியத்தைக் கொடுங்கள், அச்சுப்படியே போதும். ஜாதகக் குறிப்பைப் போன்ற கட்டங்களும், மலையாளம் போலத் தோன்றியும் வாசிக்கப் பிடிபடாத எழுத்துகளும் நிறைந்த அந்தப் பரப்பைப் பத்து நிமிடம் பேசாமல் பார்த்தபின், ஒரு கிறுக்கலைத் தேர்ந்து, அதை யார் எழுதியிருப்பார், யாருக்கு எழுதியிருப்பார் என்று எண்ணி, எட்டு வரி எழுதட்டும். எதுகை மோனையை அன்று கேட்காதீர்கள். ‘அழகு’ என்ற சொல்லுக்கு மட்டும் தடை போடுங்கள். முதலில் முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.