1000 கெஜ ரைபிள் போட்டிக்கு மின்னணு இலக்கு சரிப்படுமா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் எஃப்-கிளாஸ் (படுத்தபடி, ரைபிளைத் தாங்கியில் வைத்து, தொலைநோக்கியில் குறிபார்க்கும் போட்டி) சுடுபவர், குழி வேலைக்கு ஆள் கிடைக்காத கிளப் என்று தெரிகிறது. சரிப்படும், வாங்குங்கள். ஆனால் “எத்தனை மில்லிமீட்டர் துல்லியம்” என்று விற்பவரைக் குடைவதற்கு முன், இலக்குச் சட்டத்தை (ஃபிரேமை) எதில் ஊன்றப்போகிறீர்கள் என்று யோசியுங்கள்.

லாபம் தெரிந்ததுதான். குழியில் இறங்கி அட்டையை இழுத்து, ஓட்டையில் தட்டு சொருகி ஏற்ற ஆள் வேண்டாம். திறந்த சட்ட முறையில் மூலைகளில் இருக்கும் மைக்குகள்தான் எல்லாம். ஒலியை முந்தி வரும் தோட்டா கூம்பு வடிவில் அதிர்வலையை இழுத்து வருகிறது. அது ஒவ்வொரு மைக்கையும் எட்டும் நேர வித்தியாசத்திலிருந்து இடம் கணக்காகிறது. அட்டை குறிபார்க்க மட்டும். நடுவில் கிழிந்து தொங்கினாலும் புள்ளி மாறாது. ஆனால் தோட்டா ஒலி வேகத்துக்கு (20 டிகிரியில் 343 மீ/வி) கீழே இறங்கிவிட்டால் திரையில் ஒன்றும் வராது. .308 குறுக்களவு ரைபிளில் 155 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) எடைத் தோட்டாவை மெதுவாகச் சுடுபவருக்கு 1000 கெஜத்தில் இந்த ஆபத்து நிஜம்.

ஒலி வேகம் வெப்பநிலையோடு மாறும் என்பதால், வெப்பநிலைப் பிழையைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். 10 டிகிரி தப்பாக இருந்தாலும் நடுப்புள்ளியில் பிழை பூஜ்யம், 10-வளைய (10 புள்ளி தரும் வட்டம்) விளிம்பில் (நடுவிலிருந்து 127 மி.மீ.) சுமார் 2 மி.மீ. காற்று அப்படியில்லை. 2 மீட்டர் சட்டத்தில் 5 மீ/வி குறுக்குக் காற்று, கருவியில் திருத்தம் இல்லையென்றால், நடுப்புள்ளியையே 15 மி.மீ.க்குக் குறையாமல் தள்ளும். சட்டம் 1 டிகிரி திரும்பினால் இன்னும் மோசம்: 400 மீ/வி-யில் வரும் தோட்டாவுக்கு ஏறக்குறைய 3 செ.மீ. முன்னும் பின்னும் ஜோடி மைக் உள்ள கருவிகள் தோட்டா வரும் கோணத்தையும் பார்த்துவிடுவதால் இதைச் சமாளிக்கும்.

சட்டம் ஒரே பக்கம் சாய்ந்தே நின்றால் பரவாயில்லை, சைட்டரில் (கணக்கில் சேராத முதல் சோதனை ரவுண்டுகளில்) திருத்திக்கொள்ளலாம். ஆடினால்தான் வினை. காற்றில் முன்னும் பின்னும் அசையும் சட்டம் திரையில் மேல்-கீழ்ச் சிதறலாகத் தெரியும். உடனே ஆள் வீட்டுக்குப் போய் வெடிமருந்தை 0.02 கிரெய்ன் கணக்கில் மறுபடி நிறுப்பார். பின்னால் ஒரு முட்டுக்கட்டை அடிக்க மட்டும் மாட்டார். இதைச் சொன்னால் கோபம் வருகிறது, வரட்டும்.

உண்மையான குறை, என் கணக்கில், வேகம். திரை உடனே காட்டுவதால் ஒரே காற்றில் ஐந்தாறு ரவுண்டை அடுக்கிவிடலாம். .308-க்கு மணிக்கு 1 மைல் காற்று மாறினாலே 7 முதல் 10 அங்குலம் விலகும், 10-வளையமோ மொத்தம் 10 அங்குலம். குழியாள் பத்து வினாடி எடுத்தபோது காற்றைப் படித்தே ஆகவேண்டும். அதனால் சில போட்டிகளில் திரைக்குத் தாமதம் வைக்கிறார்கள். அது நியாயம். “தொழில்நுட்பத்துக்கு எதிரி” என்று என்னைத் திட்ட வேண்டாம்.

திரையில் வராத ரவுண்டுக்கு மறு ரவுண்டா, பூஜ்யமா என்பதைப் போட்டிக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள். கீழ் மைக்குகள் மண்மேட்டுக்குப் பின்னால் இருக்கட்டும். தெறிக்கும் கல்லே அவற்றை உடைத்துவிடும். காலையில் புது அட்டையில் 5 ரவுண்டு சுட்டு, ஓட்டைகளின் இடத்தையும் இடைவெளியையும் டேப்பில் அளந்து திரையோடு ஒப்பிடுங்கள். மொத்தமாக ஒரு பக்கம் தள்ளியிருந்தால் சட்டத்தைத் திருப்புங்கள். இடைவெளியே பொருந்தாவிட்டால் மைக்குகளின் தூரத்தை மறுபடி அளந்து உள்ளிடுங்கள்.