லண்டன் போவது பிழையா, அக்கா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். வயது 31. எங்கள் விடுதியில் என்னோடு வேலை செய்த இருவர் 2022க்குப் பிறகு இங்கிலாந்து போய்விட்டார்கள். அவர்களின் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. இரவு டியூட்டியில் பல நாள் நான் ஒருத்திதான். கணவரின் அண்ணா லண்டனிலிருந்து கிழமைக்கு ஒருதரம் கோல் எடுத்து வரச் சொல்கிறார். ஒரு ஏஜென்ட், காசு கட்டினால் முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் கெயார் வேலைக்கான விசாவில் உடனே குடும்பத்தோடு போகலாம் என்கிறார். மகளுக்கு ஐந்து வயது. பொறுப்புச் சிஸ்டரிடம் சொன்னபோது, "இந்தச் சனம் பட்ட பாட்டுக்குப் பிறகு நீயும் விட்டுட்டுப் போறியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. போவது பிழையா, அக்கா?
- ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, போவது பிழை இல்லை. சிஸ்டரும் உங்களை நோகடிக்க அப்படிக் கேட்டிருக்க மாட்டார். நீங்களும் போய்விட்டால் அடுத்த மாத டியூட்டி லிஸ்ட்டை எப்படிப் போடுவது என்ற பயம் அவருக்கு. நியாயமான பயம்தான். ஆனால் அதைத் தீர்த்துவைக்க வேண்டியவர் நீங்கள் இல்லை.

வன்னியில் ஆளில்லாத கதை லண்டன் விசாவோடு தொடங்கியதா என்ன? யுத்த காலத்தில் ஆர்.எம்.பி. எனப்படும் உதவி வைத்தியர்மாரும் பயிற்சி எடுத்த தொண்டர்களும்தான் பல வைத்தியசாலைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்ததும் கட்டடங்கள் எழும்பின. யாழ்ப்பாணத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் நியமனம் பெற்று வருகிறவர்கள் கஷ்டப் பிரதேசச் சேவையை முடித்துவிட்டு இடமாற்றம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. குடியிருக்க ஒழுங்கான குவாட்டர்ஸ், பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம், இரவில் வீடு திரும்ப பஸ், இவை இல்லாத இடத்தில் யார் நிற்பார்கள்? பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவர் வெளிநாடு போனால் அந்த வெற்றிடத்துக்குச் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் போவார். கடைசியில் ஆளில்லாமல் கிடப்பது ஒட்டுசுட்டானும் துணுக்காயும்தான்.

வெளியே இருந்து ஆள் எடுக்கிற நாடுகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. நம் வரிப்பணத்தில் படித்துப் பயிற்சி எடுத்த தாதியை அவர்கள் பயிற்சிச் செலவு இல்லாமல் கூட்டிக்கொண்டு போகிறார்கள். 2010 இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று ஒரு நடத்தைக் கோவை கொண்டுவந்தது. சுகாதாரப் பணியாளர் தட்டுப்பாடு கடுமையாக உள்ள நாடுகளில் போய் ஆள் பிடிக்காதே என்பது அதன் சாரம். 2023 இல் வந்த பட்டியலில் அப்படி 55 நாடுகள். நேபாளமும் பங்களாதேஷும் அதில் உண்டு, இலங்கை இல்லை. முழு நாட்டுக்கும் ஒரே கணக்குப் போட்டுத்தான் பட்டியல் தயாராகிறது. கொழும்பையும் புதுக்குடியிருப்பையும் கூட்டிச் சராசரி எடுத்தால் உங்கள் விடுதி எங்கே தெரியப்போகிறது? ஆனால் அதே கோவை, தனி ஒருவர் விரும்பிய நாட்டுக்குப் போகும் சுதந்திரத்தில் கைவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அண்ணா வரச் சொல்கிறார், ஏஜென்ட் காசு கட்டச் சொல்கிறார், சிஸ்டர் போகாதே என்கிறார். எனக்குப் போக விருப்பம் என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லையே! இரவில் தனியாக நின்று களைத்துப்போனதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ இடமாற்றம் கிடைத்து, கூட இன்னொரு தாதியும் டியூட்டியில் இருந்தால் அப்போதும் லண்டன் நினைவு வருமா? கணவரோடு கதைப்பதற்கு முன் இதை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். வராது என்றால் இந்த வருட இடமாற்ற விண்ணப்பத்தைப் போடுங்கள். இழுபடும், ஆனாலும் போடுங்கள்.

வரும் என்றால் போங்கள். ஆனால் அந்த ஏஜென்ட் வழியாக வேண்டாம். 2024 மார்ச்சிலிருந்தே கெயார் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இது தெரியாமல் அவர் காசு கேட்டிருந்தாலும், தெரிந்தே கேட்டிருந்தாலும், ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வேலை தேடுகிறவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று இங்கிலாந்தின் விதியே இருக்கிறது.

நீங்கள் பதிவு பெற்ற தாதி. என்.எம்.சி. எனப்படும் அங்குள்ள தாதியர் சபையில் பதிவதுதான் உங்கள் வழி. ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும். அதற்குப் பதிலாக, சுகாதாரத் துறையினருக்கான ஓ.ஈ.ரி. எனும் ஆங்கிலப் பரீட்சையும் எழுதலாம். அப்புறம் கணினியில் ஒரு பரீட்சை, அங்கே போன பிறகு ஓஸ்கி எனும் செய்முறைப் பரீட்சை. பதிவுத் தாதியின் விசாவில் கணவரும் மகளும் கூட வரலாம். ஒன்று மட்டும் அண்ணாவுக்குச் சொல்லிவையுங்கள்: வெளிநாட்டுத் தாதியரை எடுப்பது 2024 இலிருந்து அங்கே நன்றாகக் குறைந்துவிட்டது. வேலைக் கடிதம் கையில் வரும்வரை இங்கே எதையும் விற்கவோ அடகுவைக்கவோ வேண்டாம்.

அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போக 2022 இல் சுற்றறிக்கை வந்தது. உங்களுக்கு இப்போது எது பொருந்தும், கட்டாயச் சேவைக்காலம் இன்னும் மீதி இருக்கிறதா என்று நிர்வாகக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். சிலர் லீவு போட்டுவிட்டுத் திரும்பாமலே இருந்துவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். பதவியை வெறிதாக்கியதாக அறிவித்தால் ஓய்வூதியம் போகும். அந்த அறிவிப்பு வரும்வரை ஆளணிக் கணக்கில் உங்கள் பெயர்தான் இருக்கும், புது ஆள் கேட்கச் சிஸ்டருக்கு வழி இராது. திகதி முடிவானதும் முதலில் அவரிடம் சொல்லுங்கள்.