பில் போடுவதற்கும் வாடகையா? – கம்ப்யூட்டர் கடை அக்கா பதில்கள்

(பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்த்து, கடைகளுக்குப் பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் அக்கா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பலசரக்கு மொத்த வியாபாரி, பாவூர்சத்திரம்: தங்கச்சி, ஜிஎஸ்டி வந்த வருசம் ஒரே தடவை காசு கட்டி வாங்கின பில்லிங் சாஃப்ட்வேர் என்கிட்ட இருக்கு. இப்போ கம்பெனிக்காரன், 'இனிமே வருசச் சந்தாதான், கட்டலைன்னா திறக்காது'ன்னு சொல்லுதான். நான் வாங்கின பொருளுக்கு நான் எதுக்கு வாடகை குடுக்கணும்?

அண்ணாச்சி, கோபம் நியாயம்தான். ஆனால் அவன் கேட்கிற தொகையில் ரெண்டு வகைக் காசு கலந்து கிடக்கிறது. பிரித்துப் பார்த்துவிட்டுக் கோபப்படுவோம்.

ஒன்று, வேலைக்கான கூலி. 2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, ஜிஎஸ்டி விகிதம் மாறியது ஞாபகம் இருக்கும். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், ஷாம்பு, சோப்பு, டூத்பேஸ்ட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு வந்தன. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, என் கடையில் போன் ஓயவே இல்லை. சரக்கு வகைக்கான எச்எஸ்என் கோட் எண்ணை வைத்து மொத்தமாக மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்தால், 3304 கையைக் கடித்தது. முகப் பவுடரும் அந்தக் கோடில்தான் வருகிறது, லிப்ஸ்டிக்கும் அதில்தான் வருகிறது. பவுடர் 5 ஆனது, லிப்ஸ்டிக் 18-லேயே நின்றது. ஃபேன்சி ஸ்டோர்க்காரர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து சரக்கு லிஸ்டை வரிவரியாக வாசிக்க, நான் ஐட்டம் மாஸ்டர் என்கிற பொருள் பட்டியலில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி வேலைக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிற கம்பெனி, 2017-ல் நீங்கள் கொடுத்த காசை வைத்தே இன்று வரை ஓட்ட முடியாது. அந்தக் கூலியைக் கொடுப்பதில் தப்பில்லை.

இன்னொன்று, பூட்டுக்கான காசு. நீங்கள் போட்ட பில், உங்கள் கடைப் பற்று வரவு, அதைத் திறந்து பார்க்கவே காசு கட்டு என்பது. இது எனக்கும் பிடிக்காது. ஜிஎஸ்டி சட்டப்படி, அந்தந்த வருசத்தின் ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையது. அதிகாரி வந்து கேட்கும்போது 'சந்தா முடிந்துவிட்டது, சாஃப்ட்வேர் திறக்கவில்லை' என்று சொன்னால் எடுபடாது.

இது நம்ம ஊர்க் கம்பெனிக்காரன் தானாகக் கண்டுபிடித்த வழியும் இல்லை. 2013-லேயே அடோபி இந்தப் பாதைக்கு வந்துவிட்டது. போட்டோஷாப்பைப் பெட்டியில் போட்டு விற்பதை விட்டுவிட்டு, இனி மாதச் சந்தாதான் என்றது. சிஎஸ்6 தான் கடைசிப் பெட்டி. அதை வைத்து இன்னும் கல்யாண ஆல்பம் போடுகிற ஸ்டுடியோக்காரர்கள் டவுண் ரதவீதிப் பக்கம் இருக்கிறார்கள், நானே பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 2023 நவம்பரில் பிராட்காம் கம்பெனி, ஒரே சர்வரைப் பல கம்ப்யூட்டர் போலப் பிரித்து ஓட்டும் சாஃப்ட்வேர் விற்கிற விஎம்வேரைச் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. பெரிய பெரிய பேங்க்குகளும் ஆஸ்பத்திரிகளும் தங்கள் சர்வர்களை அதில் ஓட்டிக்கொண்டிருந்தன. ஒரே ராத்திரியில் மாற்ற முடியாது என்று விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். சந்தா வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான். முதல் வருசம் சல்லிசாக இருக்கும். விலை ஏறுவது, நீங்கள் நகர முடியாத இடத்துக்கு வந்த பிறகு.

அதனால் பணம் கட்டும் முன்னால் ஒரு சோலி பாருங்கள். போன மாதத்து விற்பனைப் பதிவேடு, பார்ட்டி லெட்ஜர், இருப்புக் கணக்கு மூன்றையும் எக்செல்லில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிடிஎஃப் என்றால் வேண்டாம், அது பார்க்கத்தான் ஆகும். எடுத்த எக்செல்லை அந்த சாஃப்ட்வேர் இல்லாத வேறு கம்ப்யூட்டரில் திறந்து, பழைய பாக்கிக்காரர் ரெண்டு பேர் தொகையைச் சரிபாருங்கள். சரியாக இருந்தால் தைரியமாகச் சந்தா கட்டலாம், பிடிக்காவிட்டால் அடுத்த வருசம் வேறு கடை பார்க்கலாம். 'அந்த வசதி மேல் பிளானில்தான் இருக்கு' என்று சொன்னால், சந்தா தேதி முடிவதற்குள் எனக்கு ஒரு போன் போடுங்கள். அப்புறம், பேக்கப் எடுத்த பென் டிரைவைக் கல்லாப்பெட்டிக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள். கல்லா போனால் கணக்கும் சேர்ந்து போகும்.

கல்லூரி ஆசிரியை, கடையம்: அக்கா, அரட்டை நம்ம மண்ணில் பிறந்த செயலி. சொந்தக்காரர் எல்லாரையும் வாட்ஸ்அப்பை விட்டு அதற்கு வரச் சொன்னேன். சித்தப்பா, அத்தை யாருமே அசையவில்லை. நம்ம ஆட்களுக்கு ஊர்ப்பற்று இல்லையா?

ஊர்ப்பற்று இருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டு குரூப் அங்கே இல்லையே!

பெருமைப்பட வேண்டியதைப் பெருமையாகவே சொல்வோம். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-ல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனிதான் அரட்டையை உருவாக்கியது. 2011-ல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. குற்றாலச் சாரல் விழுகிற தூரத்தில் உட்கார்ந்து உலகத்துக்கே சாஃப்ட்வேர் எழுத முடியும் என்று காட்டிவிட்டார்கள். அரட்டை 2021-லேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பர் கடைசியில்தான் திடீரென்று கூட்டம் அள்ளியது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் அது மூன்றரை லட்சம் ஆனது என்று ஸோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவே சொன்னார். அந்த நேரத்தில் அழைப்புகளுக்கு இருந்த முழுப் பூட்டு, அதாவது பேசுகிற ரெண்டு பேரைத் தவிர வேறு யாரும் அறிய முடியாத பாதுகாப்பு, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அதைப் பிறகுதான் சேர்த்தார்கள்.

நான் எந்தச் செயலியைப் பற்றிக் கேட்டாலும் முதலில் பார்ப்பது, இதற்கு யார் காசு கொடுக்கிறார் என்பதை. 2014-ல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது அங்கே வேலை பார்த்தவர்கள் ஐம்பத்தைந்து பேர்தான். வருசத்துக்கு ஒரு டாலர் என்று கேட்டுக்கொண்டிருந்ததை 2016-ல் அதுவும் வேண்டாம் என்று விட்டார்கள். இன்று உங்கள் போனுக்கு பேங்க்கிலிருந்தும் நகைக்கடையிலிருந்தும் நீல டிக் போட்டு வருகிறதே, அதற்கு அனுப்புகிறவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். ஸோஹோவுக்கோ வருமானம் கம்பெனிகளுக்கு விற்கிற மெயில், கணக்கு, வாடிக்கையாளர் சாஃப்ட்வேர்களிலிருந்து வருகிறது. வெளியார் முதலீடும் கிடையாது. அரட்டையை அவசரப்பட்டுக் காசாக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இல்லை, அது நல்ல விஷயம்.

ரெண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவைத் திட்டாதீர்கள். பேரன் போட்டோ அரட்டையில் மட்டும்தான் வரும் என்று சொல்லிப் பாருங்கள், ஆச்சியே முதல் ஆளாக வருவார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சேரன்மகாதேவி: அம்மா, 2024 ஜூலையில் ஹைதராபாத் விமான நிலையத்தில் என் மகனுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். உலகம் முழுக்க கம்ப்யூட்டர் நீலமாகிவிட்டது என்றார்கள். அது வைரஸா? என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

வைரஸ் இல்லை சார். வைரஸிடமிருந்து காக்க வைத்த காவல்காரன் செய்த கூத்து. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்பெனியின் ஃபால்கன் சாஃப்ட்வேர் பெரிய நிறுவனங்களுக்கு விற்கிற சரக்கு. உங்கள் வீட்டில் அது இல்லை, அதனால் தப்பித்தீர்கள்.

ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம்ம நேரம் காலை 9:39-க்கு அவர்கள் ஒரு சின்ன கோப்பை எல்லா இடத்துக்கும் அனுப்பினார்கள். அந்தக் கோப்பு 21-வது தகவலைப் படிக்கச் சொன்னது. சாஃப்ட்வேர் கையில் இருந்ததோ இருபதுதான். இல்லாத இடத்தில் போய்ப் படிக்கப் பார்த்து விழுந்தது. அது விண்டோஸின் அடிமடியில், கெர்னலில் உட்கார்ந்து ஓடுகிற சாஃப்ட்வேர் என்பதால் கம்ப்யூட்டரையே சேர்த்துக் கவிழ்த்துவிட்டது. 10:57-க்குள் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பிரயோசனமில்லை. மைக்ரோசாப்ட் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்தன. அதில் பெரும்பாலானவற்றை ஆள் நேரில் போய், அவசியமானதை மட்டும் வைத்துத் திறக்கும் சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை அழித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. என் தொழில்காரர்கள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பரிதாபம் கொஞ்சநஞ்சமில்லை.

கையெழுத்துப் போர்டிங் பாஸை மகன் பத்திரமாக வைத்திருக்கட்டும். கரண்ட் போனாலும் வேலை செய்கிற தொழில்நுட்பம் அது.

தையல் கடை வைத்திருப்பவர், திசையன்விளை: விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். போடணுமா?

வேண்டாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. வேண்டுபவர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு வைத்திருக்கிறது, செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே அதற்குப் பதிந்துகொள்ளலாம். உங்களுடையது இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசர் அல்லது அதற்குப் பிந்தையது என்றால் அநேகமாக விண்டோஸ் 11 ஏறும். அதற்கு முந்தையது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன், அளவு குறிக்கவும் யூடியூப் பார்க்கவும் அது போதும். பேங்க் வேலை மட்டும் அந்த நீட்டிப்பு இல்லாத பழைய மெஷினில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி, பாளையங்கோட்டை: லினக்ஸ் மாதிரி இலவச மென்பொருளை நம்பலாமா அக்கா? சும்மா கொடுப்பதில் ஏதாவது உள்குத்து இருக்காதா?

ஒருமுறை இருந்தது, கண்ணு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற இன்ஜினியர் வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிடச் சுமார் அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். நீயும் நானும் என்றால் நெட் சரியில்லை என்று விட்டிருப்போம். அவர் நோண்டினார். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற சின்னக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அந்தத் தாமதத்துக்குக் காரணமான ஒரு கள்ளக்கதவு இருந்தது. அதை வைத்த ஆள் புனைபெயரில் வந்து, ரெண்டு வருசத்துக்கும் மேலாக ஒழுங்காக வேலை செய்து நல்ல பெயர் வாங்கி, அதுவரை சம்பளமில்லாமல் தனியாகப் பராமரித்து அலுத்துப்போயிருந்தவரிடமிருந்து பொறுப்பைக் கையில் வாங்கியிருந்தார்.

மூலநிரல், அதாவது சாஃப்ட்வேரை எழுதிய வரிகள், எல்லாரும் பார்க்கும்படி வெளியே கிடந்ததால்தான் கண்டுபிடித்தவர் அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. அதனால் நம்பலாம். பயப்பட வேண்டியது இலவசத்தைப் பார்த்து இல்லை. கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற கம்பெனிகள் எல்லாம் பயன்படுத்துகிற ஒரு கருவியை ஒரே ஒருத்தர் ராத்திரி கண்விழித்துப் பார்த்துக்கொள்கிறாரே, அதைப் பார்த்துத்தான்.

இல்லத்தரசி, வள்ளியூர்: மகன் சென்னையில் ஐடியில் இருக்கிறான். ஏஐ வந்து வேலை போய்விடும் என்று தூங்காமல் கிடக்கிறான். நான் என்ன சொல்லித் தேற்ற?

மதினி, 'ஒன்றும் ஆகாது' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் நம்பமாட்டான். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது, மொத்த ஆட்களில் 2 சதவீதம். பெரும்பாலும் நடுமட்டம், மேல்மட்டம். அதற்கு முந்தின மாதம்தான் வருசத்துக்கு 225 நாளாவது வாடிக்கையாளருக்குப் பில் ஆகிற வேலையில் இருக்க வேண்டும், 35 நாளுக்கு மேல் பெஞ்சில், அதாவது வேலை ஒதுக்கப்படாமல், உட்காரக்கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். நம்ம பெரிய ஐடி கம்பெனிகள் அதிகமாக விற்றுவந்தது ஆள் எண்ணிக்கையும் மணி நேரமும். அமெரிக்காக்காரன் 'ஏஐ இருக்கிறதே, ஆளைக் குறைத்து விலையையும் குறை' என்று கேட்கும்போது அடி விழுவது அங்கேதான்.

மகன் ஊருக்கு வரும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'நீ ஒரு மாசம் லீவு போட்டால் உன் வாடிக்கையாளருக்கு எந்த வேலை நிற்கும்?' பதில் சட்டென்று வந்தால் தூங்கலாம். யோசித்தான் என்றால் சண்டை போடாமல் சாப்பாடு போடுங்கள், மீதியை அவனே யோசிப்பான்.

பி.இ. முடித்தவர், அம்பாசமுத்திரம்: சென்னைக்குப் போகாமல் இங்கிருந்தே சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்க ஆசை. ஐடியாதான் கிடைக்கவில்லை.

ஐடியா அடுத்தவன் புலம்பலில் இருக்கிறது தம்பி. 2010-ல் ஸோஹோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிரீஷ் மாத்ருபூதம், இணையத்தில் ஒரு புலம்பலைப் படித்தார். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஜென்டெஸ்க் சாஃப்ட்வேர் விலையைத் தாறுமாறாக ஏற்றிவிட்டது என்று ஆட்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சரியான விலைக்குக் கொடுக்க இடம் காலியாக இருக்கிறது என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அந்த வருசமே சென்னையில் கிரீஷ் ஃப்ரெஷ்டெஸ்க் கம்பெனியைத் தொடங்கினார். அதுவே ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது.

மேலே பாவூர்சத்திரத்து அண்ணாச்சி புலம்பியிருக்கிறார், படித்தாயா? அம்பையில் அரிசி ஆலை இருக்கிறது, அங்கே நெல் எடை, ஈரப்பதம், மூட்டைக் கணக்கு எல்லாம் இன்னும் நீள நோட்டில்தான் ஓடுகிறது. கணக்குப்பிள்ளை பக்கத்தில் ஒரு வாரம் சும்மா உட்கார், லேப்டாப்பைத் திறக்காதே. எதை ரெண்டு தடவை எழுதுகிறார், எதற்குப் பேனாவை வைத்துவிட்டுப் போன் எடுக்கிறார் என்று பார். முதல் ஆளிடமே காசு வாங்கு, ஐந்நூறு ரூபாயானாலும் சரி. இலவசமாகக் கொடுத்தால் பாராட்டுவார்கள், பயன்படுத்தமாட்டார்கள். டெமோ தயாரானதும் கடைக்குக் கொண்டு வா. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.