கேள்வி – பதில்: ஐவருக்கு அடுத்து ஆடுபவர்கள்

கேள்வி: என் மகள் தஞ்சாவூரில் படிக்கிறாள், பள்ளியின் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். ஆனால் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஓர் ஆட்டத்தில் ஐந்து நிமிடம் இறக்கினாலே அதிகம். வீட்டில் பெரியவர்கள், "உட்கார்ந்துவிட்டு வருவதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகிறாள்?" என்று கேட்கிறார்கள். அவளோ, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. அணிகளிலேயே பெஞ்ச் ஆட்டக்காரர்களுக்குத் தனி மதிப்பு உண்டு என்கிறாள். ஐந்து பேர் ஆடும் விளையாட்டில் மற்றவர்களுக்கு உண்மையிலேயே அப்படி என்ன மதிப்பு?
— ஒரு தந்தை, நீடாமங்கலம்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. என்.பி.ஏ. ஆட்டம் 12 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகளாக 48 நிமிடம் நடக்கிறது. எந்த நேரமும் ஐவர் களத்தில் நிற்க வேண்டும் என்பதால், ஓர் ஆட்டத்தில் ஓர் அணி நிரப்ப வேண்டியது மொத்தம் 240 நிமிடங்கள். தொடக்க ஐவரும் ஆளுக்கு 34 நிமிடம் ஆடினாலும் 170 நிமிடம்தான் ஆகிறது. மீதமுள்ள 70 நிமிடங்களையும் பெஞ்சிலிருந்து வருபவர்கள்தாம் ஆடியாக வேண்டும். இப்படி ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள். அதற்குப் பிறகுதான் பட்டத்தை முடிவு செய்யும் பிளே-ஆஃப் சுற்றுகள். கணுக்கால் பிசகுவதும், ஆறு ஃபவுல் ஆகி வெளியேற நேர்வதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. உங்கள் மகள் ஆடும் சர்வதேச விதிமுறையில் ஆட்டம் 40 நிமிடமே என்றாலும், ஐந்தாவது ஃபவுலிலேயே ஆள் வெளியேற வேண்டும். முக்கியமான ஆட்டக்காரர் இருவர் மூன்றாம் கால்பகுதியிலேயே நான்கு ஃபவுலுடன் நிற்பது பள்ளி ஆட்டங்களில் அன்றாடக் காட்சி.

ஆனால் நேரத்தை நிரப்புவது மட்டுமே அவர்கள் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். தொடக்க ஐவர் பத்துப் புள்ளி முன்னிலை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓய்வுக்குப் போகிறார்கள் என்றால், அவர்கள் திரும்பி வரும்போது அந்தப் பத்து அப்படியே இருக்குமா, இரண்டாகக் குறைந்திருக்குமா என்பதை முடிவு செய்பவர்கள் பெஞ்சிலிருந்து வந்தவர்களே. இரவு முழுவதும் நடக்கும் சுவாமி புறப்பாட்டில் இருவர் நாகஸ்வரம் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முதலாமவர் சீவாளியிலிருந்து உதட்டை எடுக்கும் இடத்தில் இரண்டாமவர் அதே ராகத்தை, விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார், புதிதாகத் தொடங்குவதில்லை. களத்தில் இறங்கும் மாற்று ஆட்டக்காரருக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் வேகத்துக்குள் அவர் நுழைய வேண்டும். அதுவும் உடல் ஆறிப்போன நிலையில், கை பழக நேரம் இல்லாமல். தொடக்க ஆட்டக்காரர் முதல் நான்கு எறிதல்களைத் தவறவிட்டாலும் ஐந்தாவதற்கு இடம் உண்டு. இவருக்கு இரண்டு தவறினால், பயிற்சியாளரின் பார்வை மறுபடி பெஞ்சுக்குப் போய்விடும்.

அதனால்தான் நல்ல மாற்று ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கும்போதே ஆடிக்கொண்டிருக்கிறார் என்கிறேன். எதிரணியில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு நெருக்கடி வந்தால் எந்தக் கைக்குப் பந்தை மாற்றுகிறார், அவர்களில் யார் யார் எத்தனை ஃபவுலில் இருக்கிறார்கள், இன்றைய நடுவர் கை பட்டதற்கே விசில் ஊதுகிறாரா அல்லது விட்டுவிடுகிறாரா என்பதையெல்லாம் கவனித்து வைத்திருப்பவருக்கு, ஸ்கோர் மேஜையருகே போய் நின்று உள்ளே அழைக்கப்படும் நொடியில் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்காது. உங்கள் மகளிடம் ஆட்டம் முடிந்து வந்ததும் "எத்தனை நிமிடம் ஆடினாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எதிரணியில் யாரை நீ தடுக்க வேண்டியிருந்தது? அவள் எப்படி ஆடினாள்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலிலேயே அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளா, காத்திருந்தாளா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: நன்றாக ஆடுபவரைத் தெரிந்தே தொடக்கத்தில் இறக்காமல் வைத்திருப்பது ஏன்? அது அவரை அவமதிப்பது ஆகாதா?
— கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

பதில்: அவமதிப்பாகப் பார்க்காத அணிகளே இதில் பலன் கண்டிருக்கின்றன. பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் அவர்பாக் 1950-களிலேயே இதைத் திட்டமிட்டுச் செய்தார். எதிரணியின் ஐவர் மூச்சு வாங்கத் தொடங்கும் நேரத்தில், அவர்களுக்குச் சமமான ஒருவரைப் புத்துணர்ச்சியோடு உள்ளே அனுப்புவது அவர் வழக்கம். முதலில் ஃபிராங்க் ராம்சே, பிறகு ஜான் ஹாவ்லிசெக் அந்தப் பணியைச் செய்தார்கள். செல்டிக்ஸ் வரலாற்றிலேயே மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஹாவ்லிசெக்தான். பெஞ்சிலிருந்து வரும் சிறந்த ஆட்டக்காரருக்கான 'சிறந்த ஆறாவது ஆட்டக்காரர்' விருதை என்.பி.ஏ. 1982-83 பருவத்தில் ஏற்படுத்தியது. அந்தக் கோப்பை இப்போது ஹாவ்லிசெக்கின் பெயரையே தாங்கி நிற்கிறது. முதல் விருதைப் பெற்ற பிலடெல்பியாவின் பாபி ஜோன்ஸ் தடுப்பாட்டத்துக்குப் பெயர் பெற்றவர்; அந்த ஆண்டு சாம்பியன் பட்டமும் அவருடைய அணிக்கே கிடைத்தது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் மானு ஜினோபிலி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த அணியின் நாயகன் அவர். அப்படிப்பட்டவரைப் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் பெஞ்சிலிருந்து இறக்கினார். அதே அணியின் நட்சத்திரங்களான டிம் டங்கனும் டோனி பார்க்கரும் களத்தில் இருக்கும்போது பந்து மூவருக்கும் பங்காகும்; அவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் ஜினோபிலியை இறக்கினால், பந்து முழுக்க அவர் கையில் இருக்கும், எதிரே நிற்பதும் பெரும்பாலும் இரண்டாம் வரிசையாகவே இருக்கும். 2007-08 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 19.5 புள்ளிகள் எடுத்து, அந்த அணியிலேயே முதலிடத்தில் நின்று, சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். மொத்தம் நான்கு பட்டங்களில் அவருக்குப் பங்கு உண்டு. தொடக்கத்தில் யார் பெயர் அறிவிக்கப்படுகிறது என்பதை விட, கடைசி ஐந்து நிமிடம் யார் களத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் ஒருவர் மீது பயிற்சியாளர் வைத்திருக்கும் நம்பிக்கையைக் காட்டும். ஜினோபிலி அந்த நேரத்தில் களத்தில் நின்றார்.

கேள்வி: பிளே-ஆஃப் வந்துவிட்டால் எல்லாப் பயிற்சியாளர்களும் ஏழெட்டுப் பேரோடு ஆட்டத்தை முடித்துக்கொள்கிறார்கள். பெஞ்சுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தால், முக்கியமான நேரத்தில் ஏன் கைவிடுகிறார்கள்?
— ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆட்டங்களுக்கு இடையே ஓய்வு நாள்கள் கிடைப்பதால் முதன்மை ஆட்டக்காரர்கள் கூடுதல் நேரம் ஆடுகிறார்கள், பத்தாவது ஆளுக்கு வேலை இல்லாமல் போகிறது. ஆனாலும் அந்த முதன்மை ஆட்டக்காரர்கள் பிளே-ஆஃப் தொடங்கும் ஏப்ரல் மாதத்துக்குத் தெம்போடு வந்து சேர்ந்தது எப்படி என்று பார்க்க வேண்டும். 2013 இறுதிச் சுற்றில் மயாமியிடம் ஏழாவது ஆட்டம் வரை போராடித் தோற்ற ஸ்பர்ஸ், அடுத்த பருவத்தில் ஒருவரைக்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவிடாமல் 62 ஆட்டங்களை வென்றது. 2014 இறுதிச் சுற்றில் அதே மயாமியை 4-1 என வீழ்த்தியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழெட்டுப் பேர் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதில் ஆறாவது, ஏழாவது ஆள்களின் சுமை பிளே-ஆஃபில் குறைவதில்லை, கூடுகிறது. 2014-15 பருவத்தில் கோல்டன் ஸ்டேட் அணிக்குப் பயிற்சியாளராக வந்த ஸ்டீவ் கெர், அதுவரை ஆடிய எல்லாப் பருவ ஆட்டங்களையும் தொடக்க ஐவரில் ஒருவராகவே ஆடியிருந்த ஆண்ட்ரே இக்வோடாலாவை பெஞ்சுக்கு மாற்றினார். அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தொடங்கவில்லை. இறுதிச் சுற்றில் அணி 1-2 எனப் பின்தங்கியபோது, நான்காவது ஆட்டத்தில் கூடைக்கு அருகே ஆடும் உயரமான சென்டரை நிறுத்திவிட்டு இக்வோடாலாவைத் தொடக்கத்தில் இறக்கினார் கெர். எதிரணியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸைத் தடுக்கும் பொறுப்பை இக்வோடாலா தோளில் ஏற்றுக்கொண்டார். அணி தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்றது. இறுதிச் சுற்றின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதும் அவருக்கே வந்தது. இந்த முடிவை எடுத்த கெர் தாமே ஒரு பெஞ்ச் ஆட்டக்காரராக இருந்தவர். 1997 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம் 86-86 என நின்றபோது, மைக்கேல் ஜோர்டன் தந்த பாஸை வாங்கி, சிகாகோவுக்குப் பட்டம் தேடித் தந்த எறிதலை எறிந்தவர் அவரே.

கேள்வி: புள்ளிகளை வைத்து மட்டும் பெஞ்ச் ஆட்டக்காரரை மதிப்பிட முடியாது என்றால், வேறு எப்படி?
— வாசகி, திருவாரூர்

பதில்: அவர் களத்தில் இருந்த நேரத்தில் தம் அணி எடுத்த புள்ளிகளிலிருந்து எதிரணி எடுத்த புள்ளிகளைக் கழித்துப் பார்க்கும் 'பிளஸ்-மைனஸ்' முறையை என்.பி.ஏ. அணிகள் பயன்படுத்துகின்றன. ஒரு புள்ளியும் எடுக்காதவர் பிளஸ் எட்டோடு வெளியே வரலாம். நம்மூர்ப் போட்டிகளிலும் இதைச் செய்ய ஒரு நோட்டும் பேனாவும் போதும்: அவர் இறங்கும்போதும் ஏறும்போதும் ஸ்கோரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓர் ஆட்டத்தின் எண்ணை வைத்து யாரையும் எடை போட வேண்டாம். கூட ஆடிய நால்வர் யார் என்பதைப் பொறுத்து அது பெரிதும் மாறும். ஒரு பருவம் முழுவதும் குறித்து, அதே நால்வரோடு அவர் இருந்தபோதும் இல்லாதபோதும் என்ன நடந்தது என்று ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.