வாழைத் திசு வளர்ப்பு: எதில் சிக்கனம், எதில் கூடாது

கேள்வி: சிறிய அறை ஒன்றில் வாழைத் திசு வளர்ப்பு செய்து பார்க்கிறேன். ஆட்டோகிளேவும் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) லேமினார் ஃப்ளோவும் (வடிகட்டிய காற்று வீசும் மேடை) இல்லை. பிரஷர் குக்கரும் மூடிய கண்ணாடிப் பெட்டியும்தான். பத்துப் புட்டியில் ஏழெட்டு ஒரு வாரத்துக்குள் பூசணம் பிடித்துவிடுகின்றன. ஊடகத்துக்கு, அதாவது திசு வளரும் சத்துக் கூழுக்கு, ஆகும் செலவையும் குறைக்க வேண்டும். இப்படி எடுக்கும் கன்றுகள் நோயில்லாமல் இருக்குமா?

பதில்: கடைசிக் கேள்விதான் முக்கியமானது, அதை முதலில் பார்த்துவிடலாம். நூற்புழு, கூன்வண்டு, வாடல் நோய்ப் பூசணம் ஆகியவை திசு வளர்ப்புக் கன்றோடு சேர்ந்து வராது. ஆனால் வைரஸ் வரும். தாய்மரத்தில் முடிக்கொத்து வைரஸ் (இலைகளைக் குறுக்கி உச்சியில் கொத்தாக்கிவிடுவது) இருந்தால் அதிலிருந்து பெருக்கும் கன்றுகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கும். 0.5 மி.மீ.க்கும் சிறிய நுனித் திசுவை உருப்பெருக்கியில் பார்த்து வெட்டி எடுத்தால் வைரஸைக் கழிக்க வாய்ப்புண்டு. அதுவும் பரிசோதனை செய்து பார்த்த பிறகே உறுதி. ஆகவே குலை தள்ளிய நல்ல மரத்தைத் தேர்ந்து, இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும் இல்லை என்று பார்த்து, ஆய்வகத்தில் வைரஸைக் கண்டறியும் எலிசா அல்லது பி.சி.ஆர். பரிசோதனை செய்த பிறகே கன்று எடுங்கள். இந்தச் செலவை மட்டும் குறைக்காதீர்கள்.

அடுத்து பூசணம். காரணத்தை ஊகிக்க வேண்டாம், புட்டியே சொல்லிவிடும். ஒவ்வொரு தடவை ஊடகம் காய்ச்சும்போதும் நான்கைந்து புட்டிகளில் எதுவும் வைக்காமல் ஒரு வாரம் விட்டுவையுங்கள். அவற்றிலும் பூசணம் வந்தால் கோளாறு குக்கரில். அவை சுத்தமாக இருந்து, நட்ட புட்டியில் திசுவைவிட்டுத் தள்ளி ஊடகத்தின் மேல் பஞ்சுபோலப் படர்ந்தால், காற்றும் கையும் காரணம். திசுவின் அடியிலிருந்தே கிளம்பினால் கிருமிநீக்கம் போதவில்லை. அடியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் அது பாக்டீரியா. சில வாரம் கழித்துக் கலங்கினால் திசுவுக்குள்ளேயே இருந்தது என்று அர்த்தம். மேல்கழுவலால் அது போகாது, அந்தத் திசுவிலிருந்து பெருக்கிய புட்டிகள் அத்தனையையும் ஒதுக்கிவிடுங்கள். கெட்ட புட்டியைத் திறக்காமல் மறுபடி குக்கரில் 30 நிமிடம் வேகவைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

குக்கரில் பலரும் விசிலை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது நேரம். வெயிட் போடாமல் 5 நிமிடமாவது நீராவி சீராகச் சீறி வரட்டும். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் ஏறியும் 121 டிகிரி வெப்பம் எட்டாது. பிறகு வெயிட் போட்டு, முதல் விசிலுக்கப்புறம் தீயைக் குறைத்து 25 நிமிடம் வையுங்கள். புட்டி மூடிகள் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். அழுத்தம் தானாக இறங்க வேண்டும். வெயிட்டைத் தூக்கிவிட்டால் ஊடகம் பொங்கி மூடியை நனைக்கும், ஈர மூடி வழியே பூசணம் ஏறும்.

கிருமிநீக்கத்தை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். ஈட்டிக் கன்றின் (குறுகிய இலையுள்ள பக்கக் கன்று) கிழங்கை மண் போகக் கழுவி, மட்டைகளை உரித்து, 4 செ.மீ. கட்டையாகச் சீவுங்கள். 5 சதவீத ப்ளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்) ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, அதில் 20 நிமிடம் ஆட்டி ஆட்டி வையுங்கள். பிறகு பெட்டிக்குள், வெளுத்த வெளிப்புறத்தைச் சீவி 1.5 செ.மீ. ஆக்கி, புதிய ப்ளீச் கரைசலில் இன்னொரு 10 நிமிடம். வேகவைத்து ஆறிய தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். வெட்டுவாய் கறுத்தால் பயப்பட வேண்டாம். லிட்டருக்கு 100 மி.கி. அஸ்கார்பிக் அமிலம் கலந்த நீரில் வைத்து வெட்டி, முதல் வாரத்தில் ஒரு முறை புது ஊடகத்துக்கு மாற்றினால் போதும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் 70 சதவீத ஆல்கஹால் தெளித்து, தூசி படிய 15 நிமிடம் காத்திருங்கள். கையை மெதுவாக நகர்த்துங்கள், திறந்த புட்டியின் வாய்க்கு மேலே கை போகக் கூடாது. பெட்டிக்குள் ஸ்பிரிட் விளக்கு ஏற்றவே ஏற்றாதீர்கள்: ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும், அந்தச் சூடு, அடங்கியிருந்த காற்றையும் கிளப்பிவிடும். பிளேடுகளைத் தாளில் சுற்றிக் குக்கரில் வேகவைத்து, ஒரு திசுவுக்கு ஒரு பிளேடு என்று பயன்படுத்துங்கள்.

செலவைக் குறைக்க வழி ஊடகத்தில் நிறையவே இருக்கிறது. எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) என்னும் சத்து உப்புக் கலவை லிட்டருக்கு 4.4 கிராம், இதைக் குறைக்க வேண்டாம். சுக்ரோஸுக்குப் பதில் சாதாரண வெள்ளைச் சர்க்கரை 30 கிராம் போதும். அகர் 7 முதல் 8 கிராம் பிடிக்கும். அதற்குப் பதில் இசப்கோல் உமி 30 கிராம் அளவில் உறையும், ஆனால் தெளிவாக இருக்காது, பாக்டீரியாக் கலங்கல் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே முதல் இரண்டு சுற்றுக்கு (திசுவைப் பிரித்துப் புது ஊடகத்துக்கு மாற்றுவது ஒரு சுற்று) அகர், சுத்தமானது தெரிந்த பிறகு இசப்கோல் என்று வைத்துக்கொள்வதே நல்லது. குருத்துகளைப் பெருக்கும் ஊக்கியான பி.ஏ.பி. 100 மி.கி.யைச் சில சொட்டுச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து 100 மி.லி. ஆக்கினால், அதில் 5 மி.லி. ஒரு லிட்டருக்குப் பெருக்க ஊடகமாகும். வேர்விட பி.ஏ.பி. இல்லாமல், லிட்டருக்கு வேர் ஊக்கியான ஐ.பி.ஏ. 1 மி.கி., செயலூட்டிய கரித்தூள் 1 கிராம். பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.7 இருக்கும்படி வேகவைக்கும் முன்பே சரிசெய்ய வேண்டும். 5க்குக் கீழே போனால் அகர் சரியாக உறையாது. விளக்குச் செலவுக்கு, நேர் வெயில் படாத ஜன்னல் ஓர வெளிச்சமே பெருமளவு போதும். அறை 25 டிகிரியை ஒட்டி இருக்கட்டும்.

ஒரு திசுவிலிருந்து எட்டுச் சுற்றுக்கு மேல் பெருக்காதீர்கள். ஆசைப்பட்டுத் தொடர்ந்தால் குட்டையும் கோணலுமான கன்றுகள் கூடிவிடும். வேர் விட்டதும் ஊடகத்தை முழுக்கக் கழுவி, தென்னைநார்க் கழிவில் நட்டு, பிளாஸ்டிக் கூடாரத்தில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் வையுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து கூடாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, நாலாம் வாரத்தில் பாதி நிழலுக்கு மாற்றலாம். இலை ஓரம் சுருண்டால் அன்று திறந்ததைக் குறையுங்கள். தண்ணீரைக் கூட்டாதீர்கள், வேர் அழுகிவிடும்.