மசாலா ஹாட் சாக்லேட்: எதை, எப்போது போடுவது?

கேள்வி: பட்டைப் பொடி போட்டால் கோப்பையின் அடியில் வழவழவென்று ஏதோ தங்குகிறதே?

பதில்: பட்டை என்பது மரத்தின் உட்பட்டை. எவ்வளவு அரைத்தாலும் பாலில் கரையாது. ஈரத்தை இழுத்து ஊறி வழுக்கும். இரண்டு கோப்பைக்கு ஒரு சிறு துண்டு போதும். ஆறிய பாலிலேயே போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் வைத்து வடிகட்டிவிடுங்கள். எந்த மசாலாவானாலும் அது செடியின் எந்தப் பாகம் என்று முதலில் பாருங்கள். எப்போது போடுவது என்பது பாதி தெரிந்துவிடும். பட்டைக்கு நேரம் வேண்டும். கிராம்பு பூமொட்டு, எண்ணெய் மிகுந்தது. ஒன்றுக்கு மேல் போட்டால் பல்வலி மருந்தைக் குடிப்பது போலிருக்கும்.

வாங்கும்போது பட்டையின் முனையைக் கவனியுங்கள். மெல்லிய தோல்கள் பல அடுக்காகச் சுருண்டு, கையாலேயே நொறுங்கினால் அது இலங்கைப் பட்டை. தடித்த ஒற்றைத் தோலாக, உடைக்கக் கடினமாக இருந்தால் காசியா என்ற வேறு வகை. காசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். மிஞ்சினால் கல்லீரலுக்கு ஆகாது. எப்போதாவது குடிப்பவருக்குக் கவலையில்லை. தினமும் குடிப்பவர் இலங்கைப் பட்டைக்கு மாறிவிடலாம்.

கேள்வி: இஞ்சி தட்டிப் போட்டேன், பால் திரிந்துவிட்டது. பால் கெட்டதா?

பதில்: பால் மேல் தப்பில்லை. பச்சை இஞ்சியில் பால் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று உண்டு. பால் சூடேறி வரும் வேளையில்தான் அதற்கு வேகம், கொதித்தால் அடங்கிவிடும். இஞ்சியை முதலில் கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்புறம் பாலை ஊற்றுங்கள். சுக்கு என்றால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் உறைப்பு கூடுதல்.

கேள்வி: மிளகாய் சேர்க்கலாமா? விதையை எடுத்துவிட்டால் காரம் போய்விடும் என்கிறார்களே?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். பட்டையும் ஏலக்காயும் கோகோவோடு சேர்ந்தது பின்னாளில். மிளகாய்தான் பழைய கூட்டாளி. ஐரோப்பியர் வந்து இறங்குவதற்கு முன்பே மெக்சிகோ மக்கள் கோகோவை அரைத்துத் தண்ணீரில் கலந்து, மிளகாய் சேர்த்து, உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்பிக் குடித்தார்கள். சர்க்கரை அதில் கிடையாது.

விதை விஷயம் பாதிதான் சரி. மிளகாயை நீளவாக்கில் கீறிப் பாருங்கள்: விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய சதை தெரியும். காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் உருவாவது அங்கேதான். விதையில் இருப்பது பெரும்பாலும் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே சுரண்ட வேண்டியது அந்தச் சதையை. கேப்சைசின் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. அதனால் கொழுப்புள்ள பாலில் காரம் சுள்ளென்று அடிக்காது. குடித்த பிறகு தொண்டையில் மெல்ல ஏறும். எனக்குப் பிடித்ததே அதுதான். காய்ந்த மிளகாய் ஒன்றை முழுதாகப் போட்டு, சில நிமிடத்தில் சுவைத்துப் பார்த்து எடுத்துவிடுங்கள். ஏறிய காரத்தை இறக்குவது சிரமம்.

கேள்வி: சாதிக்காயா, சாதிபத்திரியா?

பதில்: இரண்டும் ஒரே பழத்தில் இருப்பவைதான். பழம் வெடித்தால் கரும்பழுப்புக் கொட்டையைச் சுற்றி செக்கச்செவேலென்று ஒரு வலை இருக்கும், அது சாதிபத்திரி. கொட்டையின் ஓட்டுக்குள் இருப்பது சாதிக்காய். பாலில் கொதிக்க சாதிபத்திரி, குடிக்கும் முன் மேலே துருவ சாதிக்காய். ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: வெனிலா எப்போது சேர்ப்பது?

பதில்: எசென்ஸ் என்றால் அடுப்பை அணைத்த பிறகு. முன்பே சேர்த்தால் வாசனை ஆவியாகிவிடும். காய் என்றால் பிளந்து பாலோடு போடலாம். வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். பச்சையாக இருக்கும்போது வாசனையே இருக்காது, பதப்படுத்திய பிறகுதான் மணக்கும். 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற அடிமைச் சிறுவன், 12 வயதில், சிறு குச்சியால் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்டான். இன்றும் தோட்டங்களில் பூவுக்குப் பூ கையால் செய்வது அதே முறையைத்தான். விலை ஏன் அப்படி என்பதற்கு அது ஒரு காரணம்.

கேள்வி: கோகோ பொடி கட்டி தட்டுகிறது.

பதில்: சர்க்கரையோடு கலந்து, இரண்டு ஸ்பூன் சூடான பால் விட்டு விழுதாகக் குழையுங்கள். மிச்சப் பாலை அதன் மேல் ஊற்றுங்கள்.